உர மூட்டையிலிருந்து ஒரு பேட்டரி

லித்தியத்தைத் தேடி அர்ஜென்டினா வரை போய்விட்டது இந்தியா. மாற்று வழி வயலில் தூவும் பொட்டாஷிலேயே இருக்கிறது என்கிறார்கள் சில விஞ்ஞானிகள். ஆனால் சோதனைக்கூடத்துக்கும் சந்தைக்கும் இடையே தூரம் அதிகம்.

மகாராஷ்டிரத்துக் கரும்பு விவசாயிக்கும் கேரளத்து வாழை விவசாயிக்கும் நன்றாகப் பழக்கமான சரக்கு அது. 50 கிலோ மூட்டை. பிரித்துப் பார்த்தால் செங்கல் பொடியை நினைவூட்டும் சிவந்த குருணை. உரக்கடையில் 'பொட்டாஷ்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வேதியியல் பெயர் பொட்டாசியம் குளோரைடு. வாழைத்தார் பருமனாகவும் கரும்பு இனிப்பாகவும் வேண்டுமென்றால் இதைத் தூவாமல் முடியாது.

இதே மூட்டையிலுள்ள பொட்டாசியம்தான் இப்போது பேட்டரி விஞ்ஞானிகளின் கவனத்தையும் ஈர்த்திருக்கிறது. பகலில் சூரியன் தரும் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து இரவில் திருப்பித் தரும் வேலையை இன்று அனேகமாக லித்தியம் ஒன்றே செய்கிறது. அந்த இடத்தில் ஒரு பங்கையாவது பொட்டாசியத்தால் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஜப்பான், அமெரிக்கா, சீனா, ஐரோப்பா, இந்தியா என்று பல நாட்டுச் சோதனைக்கூடங்களில் இதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

விடை இந்தியாவுக்கு ஏன் முக்கியம் என்பது சத்தீஸ்கர் மாநிலத்தின் ராஜ்நந்த்காவ் மாவட்டத்துக்குப் போனால் புரியும். 2024 பிப்ரவரியில் பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்த சூரிய மின் நிலையம் அங்கே இருக்கிறது. அதன் சூரியத் தகடுகளைவிடப் பேசப்பட்டது பக்கத்தில் வைத்த பேட்டரிதான். 120 மெகாவாட்-மணி, அதாவது 1.2 லட்சம் யூனிட் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, பொழுது சாய்ந்தபின் மூன்று மணி நேரம் 40 மெகாவாட் வீதம் திருப்பித் தரும். நாடு முழுக்க விளக்கு, மின்விசிறி, டி.வி. எல்லாம் ஒரே சமயத்தில் ஓடுவதும் அந்த மாலை நேரத்தில்தான்.

ஆனால் 1.2 லட்சம் யூனிட் என்பது கடலில் ஒரு குடம் தண்ணீர். 2031-32க்குள் பேட்டரிகளில் மட்டும் சுமார் 23.6 கோடி யூனிட் சேமிக்கும் வசதி தேவைப்படும் என்கிறது மத்திய மின்சார ஆணையம் 2023-ல் வெளியிட்ட தேசிய மின் திட்டம். ராஜ்நந்த்காவைப் போல ஏறத்தாழ இரண்டாயிரம் பேட்டரி நிலையங்கள்! அத்தனைக்கும் லித்தியம் எங்கிருந்து வரும்?

கிடைத்தும் கிடைக்காத உலோகம்

2023 பிப்ரவரியில் ஒரு நாள், கவலை தீர்ந்ததென்றே பலரும் நினைத்தார்கள். ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் இருப்பதாகச் செய்தி வந்தது. 'வெள்ளைத் தங்கம்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை சொன்னதோ 59 லட்சம் டன் தாது. அதுவும் பூர்வாங்க மதிப்பீடு. அந்தத் தாதுவில் லித்தியத்தின் பங்கு மிகச் சிறியது. அந்த வகைத் தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுப்பதும் லாபகரமாக நிரூபிக்கப்படாத வேலை. 2024 மார்ச்சில், போதிய போட்டியாளர்கள் வராததால் ரியாசி ஏலம் ரத்தானது.

இதற்கிடையில் அரசு வெளிநாட்டுக் கதவையும் தட்டியது. பொதுத் துறை நிறுவனமான 'காபில்' 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கடமார்கா மாகாணத்தில் ஐந்து உப்புநீர்ப் படுகைகளில் லித்தியம் தேட ஒப்பந்தம் போட்டது. பரப்பளவு 15,703 ஹெக்டேர். செலவு சுமார் ரூ. 200 கோடி. பூமியின் மறுபக்கத்தில் கிடைக்கும் உலோகம் இந்தியாவில் பேட்டரியாக மாறிவர எத்தனை ஆண்டாகும் என்பது வேறு விஷயம்.

பூமியின் மேலோட்டில் பத்து லட்சம் பங்கில் சுமார் இருபது பங்குதான் லித்தியம். தோண்டி எடுப்பதில் ஆஸ்திரேலியா, சிலி, சீனா ஆகிய மூன்று நாடுகளின் கையே ஓங்கியிருக்கிறது. அதைச் சுத்திகரிப்பதில் சீனாவுக்குத்தான் பெரும்பங்கு. உலகில் தயாராகும் லித்தியம் அயனி செல்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அங்கிருந்தே வருகின்றன. விலையோ குரங்கு மாதிரி தாவுகிறது. 2022 நவம்பரில் சீனச் சந்தையில் ஒரு டன் லித்தியம் கார்பனேட் சுமார் 80,000 டாலர். 2024 தொடக்கத்தில் அது 15,000 டாலருக்கும் கீழே. இப்படி ஏறி இறங்கும் ஒரு சரக்கை நம்பி இருபது ஆண்டு மின் திட்டம் போடுவது எந்த நாட்டுக்கும் நிம்மதியான காரியமல்ல.

பொட்டாசியத்தின் நிலைமை வேறு. பூமியின் மேலோட்டில் அது ஏறத்தாழ இரண்டு சதவீதம். லித்தியத்தைப் போலச் சுமார் ஆயிரம் மடங்கு. வேடிக்கை என்னவென்றால், லித்தியத்துக்குப் பேர்போன சிலியின் அடகாமா உப்புப் பாலைவனத்தில், அதே உப்புநீரிலிருந்து லித்தியத்தோடு பொட்டாசியம் குளோரைடும் எடுக்கிறார்கள். ஒன்று பேட்டரிக்குப் போகிறது, மற்றது வயலுக்கு.

சாம்பலில் பிறந்தது

பொட்டாசியத்துக்கும் பேட்டரிக்கும் உறவு புதிதல்ல. அந்த உலோகம் உலகுக்குத் தெரிந்ததே பேட்டரியால்தான். மரச் சாம்பலைச் சட்டியில் கரைத்து வற்றவைத்து எடுக்கும் உப்புதான் பழைய நாள் பொட்டாஷ். 1807-ல் லண்டனில் ஹம்ஃப்ரி டேவி என்ற இளம் விஞ்ஞானி, உருகிய பொட்டாஷில், அப்போது புதிதாக வந்திருந்த வோல்ட்டாவின் மின்கல அடுக்கிலிருந்து மின்சாரத்தைப் பாய்ச்சினார். வெள்ளி நிறத்தில் சிறு உருண்டைகள் கிளம்பின. சில உடனே ஊதா நிறத்தில் தீப்பற்றின. புது உலோகத்தைக் கண்ட மகிழ்ச்சியில் டேவி அறைக்குள் துள்ளிக் குதித்தாராம். லித்தியம் கண்டுபிடிக்கப்பட்டது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1817-ல்.

பொட்டாசியம் பேட்டரியின் இன்னொரு பாதிக்கு வயது இன்னும் அதிகம். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயத் தயாரிப்பாளர் சிவப்புச் சாயம் செய்ய முயன்றார். அவருக்குக் கிடைத்த பொட்டாஷ் விலங்குகளின் எச்சம் கலந்து கெட்டுப்போனது. விளைவு, சிவப்புக்குப் பதில் ஆழ்ந்த நீலம். 'பிரஷ்யன் நீலம்' என்று அது ஓவியர்களிடம் புகழ்பெற்றது. இரும்பு, கார்பன், நைட்ரஜன் சேர்ந்த அந்தப் படிகத்தின் அமைப்பு, அறை அறையாகக் கட்டிய மாடி வீடு போன்றது. அந்த அறைகள் பெரியவை. பொட்டாசியம் அயனி சிரமமின்றி உள்ளே போய்வர அவற்றில் இடமிருக்கிறது.

இந்த அம்சத்தை 2004-ல் பயன்படுத்திக்காட்டினார் ஈரானிய வேதியியலாளர் அலி எஃப்தெகாரி. பிரஷ்யன் நீலத்தை ஒரு முனையாகவும் பொட்டாசிய உலோகத்தை மறு முனையாகவும் வைத்து அவர் செய்த சிறிய பேட்டரி 500 தடவைக்கு மேல் சார்ஜ் ஏறி இறங்கியது. ஆனால் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போது லித்தியம் பேட்டரிக்குப் பொற்காலம். 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த அந்தப் பேட்டரி செல்போன்களிலும் லேப்டாப்களிலும் குடியேறிக்கொண்டிருந்தது. மலிவாகக் கிடைத்த உலோகத்துக்கு மாற்று தேடுவானேன்?

குண்டானவன், ஆனால் வேகமானவன்

பேட்டரி வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு முனைகள், நடுவில் ஒரு திரவம். சார்ஜ் ஏற்றும்போது அயனிகள் ப்ளஸ் முனையிலிருந்து கிளம்பித் திரவத்தில் நீந்தி மைனஸ் முனைக்குள் புகுந்துகொள்கின்றன. மின்சாரம் எடுக்கும்போது திரும்பி வருகின்றன. லித்தியமாக இருந்தாலும் பொட்டாசியமாக இருந்தாலும் இதே ஊஞ்சலாட்டம்தான். மைனஸ் முனையில் இருப்பது பென்சிலில் பார்க்கும் கிராஃபைட். அடுக்கடுக்கான அதன் கார்பன் தாள்களுக்கு நடுவே அயனிகள் தங்குகின்றன.

லித்தியத்துக்கு மாற்று என்றதும் முதலில் எல்லோருக்கும் தோன்றியது சோடியம், அதாவது சாப்பாட்டு உப்பு. சீனாவின் சி.ஏ.டி.எல். நிறுவனம் 2021-ல் சோடியம் பேட்டரியை அறிவித்தது. இந்தியாவில் ரிலையன்ஸ் பிரிட்டனின் ஃபாரடியான் நிறுவனத்தை வாங்கியது. 2023 டிசம்பரில் புனேயின் கே.பி.ஐ.டி. நிறுவனம் தன் சோடியம் பேட்டரித் தொழில்நுட்பத்தை வெளியிட்டது. ஆனால் சோடியத்துக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. அது கிராஃபைட்டுக்குள் சரியாக நுழைவதில்லை. எனவே சோடியம் பேட்டரிக்கு 'ஹார்ட் கார்பன்' என்ற வேறு கரியைத் தனியாகத் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

சோடியத்தைவிடப் பெரிய பொட்டாசியம் நுழையாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அது நுழைகிறது! வேதியியலாளர்களுக்கு இது 1920-களிலிருந்தே தெரிந்த சங்கதி. ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் என்றால் எட்டுக்கு ஒரு பொட்டாசியம். பேட்டரிக்குள்ளும் அறை வெப்பநிலையில் இது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது 2015-ல்தான் தெளிவாயிற்று. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சியூலை ஜியின் குழுவும், டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஷினிச்சி கொமாபாவின் குழுவும் அதே ஆண்டில் இதைக் காட்டின. அதன் பிறகுதான் பொட்டாசியம் ஆய்வு சூடுபிடித்தது.

இதற்குப் பொருளாதார அர்த்தம் உண்டு. லித்தியம் செல் செய்யும் தொழிற்சாலை கிராஃபைட்டுக்காகவே அமைக்கப்பட்டது. அதே இயந்திரம், அதே பூச்சு முறை, அதே உருளை வடிவக் கூடு ஆகியவற்றைக் கொண்டே பொட்டாசியம் செல்லையும் செய்யலாம். புது ஆலைக்கு ஆயிரக்கணக்கான கோடிகள் கொட்ட வேண்டாம்.

இரண்டாவது வசதி வேகம். லித்தியம் அயனி சிறியது. ஆனால் அதன் மின்னேற்றம் ஒரே இடத்தில் குவிந்திருப்பதால் திரவத்தின் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுக்கமாக இழுத்துக்கொள்கிறது. சைரன் வைத்த கார்கள் புடைசூழப் போகும் மந்திரி மாதிரி, ஆள் ஒருவர், பரிவாரம் பெரிது. பொட்டாசியம் உருவத்தில் பெரியது, பரிவாரம் குறைவு. திரவத்துக்குள் அதுதான் விரைவாக நகர்கிறது. சீக்கிரம் சார்ஜ் ஏற இது உதவும்.

மூன்றாவது, வோல்டேஜ். பொட்டாசியம் தரும் மின் அழுத்தம் லித்தியத்துக்கு மிக அருகில் இருக்கிறது. சோடியம் கொஞ்சம் பின்தங்குகிறது. நான்காவது, செம்பு வேண்டாம். லித்தியம் அலுமினியத்தோடு சேர்ந்து கலப்பாகிவிடும் என்பதால் மைனஸ் முனைக்கு விலை அதிகமான செம்புத் தகடு கட்டாயம். பொட்டாசியத்துக்கு அந்தக் குணம் இல்லை. இரு முனைக்கும் அலுமினியமே போதும். கோபால்ட், நிக்கல் போன்ற விலை உயர்ந்த உலோகங்களும் பிரஷ்யன் நீல வகை முனைக்குத் தேவையில்லை. இரும்பும் மாங்கனீசும் போதும். இரண்டுமே இந்தியாவில் கிடைப்பவை.

ஆஸ்டினில் ஒரு தமிழர்

2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. பிரஷ்யன் நீலத்தின் உறவினரான, மாங்கனீசு சேர்ந்த ஒரு பொருளைப் பொட்டாசியம் பேட்டரியின் ப்ளஸ் முனையாகப் பயன்படுத்தலாம், அது ஏறத்தாழ 3.6 வோல்ட் தரும் என்பது அதன் சாரம். சாதாரண லித்தியம் செல்லுக்கு இணையான வோல்டேஜ். எழுதியவர்களில் லித்தியம் பேட்டரியின் தந்தையரில் ஒருவரான ஜான் குடினஃபும் இருந்தார். அவருக்கு அப்போது வயது 94. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2019-ல், வேதியியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அந்தப் பரிசைப் பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்தான். லித்தியத்தை உலகுக்குத் தந்தவர்களில் ஒருவர், கடைசி ஆண்டுகளில் அதற்கு மாற்றையும் தேடினார். 2023-ல் தன் நூறாவது வயதில் அவர் காலமானார்.

அதே கட்டுரையில் இன்னொரு பெயர் அருமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1980-களிலிருந்து குடினஃபோடு சேர்ந்து பணியாற்றியவர். 2019-ல் ஸ்டாக்ஹோமில் குடினஃபின் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் அவரே.

ஆஸ்டினில் தொடங்கிய வேலை அங்கேயே தொழிலாகவும் முளைத்தது. 2017 கட்டுரையின் முதல் ஆசிரியர் லீகாங் ஷுவேயின் பங்கேற்போடு உருவான 'குரூப் 1' என்ற நிறுவனம், 2024-ல் பொட்டாசியம் அயனி செல் ஒன்றை வெளியிட்டது. டார்ச் லைட், லேப்டாப் பேட்டரிகளில் இருக்கும் 18650 என்ற வழக்கமான உருளை அளவுதான் அதுவும். ஒரு கிலோவுக்கு 160 முதல் 180 வாட்-மணி எட்டலாம் என்பது நிறுவனத்தின் எதிர்பார்ப்பு. எட்டினால், மலிவு விலைக் கார்களிலும் மின் சேமிப்பு நிலையங்களிலும் இன்று கோலோச்சும் இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் செல்லுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

வீங்கும் கிராஃபைட்

எதிர்பார்ப்பு வேறு, நிரூபணம் வேறு. பொட்டாசியத்தின் பலம் அதன் அளவு என்றால் பலவீனமும் அதுவே. லித்தியம் நுழையும்போது கிராஃபைட் சுமார் பத்து சதவீதம் உப்புகிறது. பொட்டாசியம் நுழைந்தால் ஏறத்தாழ அறுபது சதவீதம். ஒவ்வொரு சார்ஜுக்கும் மூச்சு இழுத்து விடுவது போல மைனஸ் முனை வீங்கிச் சுருங்குகிறது. நாளடைவில் விரிசல் விடுகிறது. அதன்மேல் படிந்திருக்கும் மெல்லிய காப்புப் படலம் கிழிந்து மறுபடி மறுபடி வளர, திரவமும் பொட்டாசியமும் வீணாகின்றன. பேட்டரியின் ஆயுள் குறைகிறது.

இது சின்னப் பிரச்னையல்ல. மின் நிலையத்தில் வைக்கும் பேட்டரி தினமும் ஒரு முறை ஏறி இறங்க வேண்டும். பதினைந்து ஆண்டு என்றால் சுமார் 5,500 முறை. சோதனைக்கூடத்தில் பொத்தான் அளவுள்ள செல் சில ஆயிரம் முறை ஓடுவது ஒன்று. ராஜ்நந்த்காவ் வெயிலில், கன்டெய்னர் கன்டெய்னராக அடுக்கிய செல்கள் அத்தனையும் ஓடுவது வேறொன்று. இரும்பு பாஸ்பேட் லித்தியம் இந்தப் பரீட்சையில் ஏற்கெனவே தேறிவிட்டது. பொட்டாசியம் இன்னும் எழுதவில்லை.

பிரஷ்யன் நீல வகைப் பொருளுக்கும் சொந்தக் கஷ்டங்கள் உண்டு. லித்தியம் முனைகளைப் போல உலையில் 700, 800 டிகிரியில் சுட வேண்டியதில்லை. தண்ணீரில் இரண்டு கரைசல்களைக் கலந்தால் படிந்துவிடும் என்பது பெரிய வசதி. ஆனால் அவசரமாகப் படிந்தால் படிகத்தில் ஓட்டைகள் விழும். அந்த ஓட்டைகளில் தண்ணீர் தங்கும். பேட்டரிக்குள் தண்ணீர் விஷத்துக்குச் சமம். உள்ளே சயனைடு இருக்கிறதே என்று பயப்படுவோரும் உண்டு. இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் சாதாரண நிலையில் ஆபத்தில்லை. தாலியம் விஷத்துக்குப் பிரஷ்யன் நீலத்தையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். ஆனால் தீப்பற்றினால் என்ன வாயு வரும் என்பதை ஒவ்வொரு செல் வடிவத்துக்கும் தனியாகச் சோதித்தே ஆகவேண்டும்.

பொட்டாசிய உலோகத்தின் கோபமும் பிரசித்தம். தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும். 63 டிகிரியிலேயே உருகிவிடும். இந்தப் பேட்டரிகளில் உலோகமாக அது வைக்கப்படுவதில்லை. அயனியாக மட்டுமே நடமாடுகிறது. ஆனால் அவசரச் சார்ஜில் கிராஃபைட் மீது உலோகமாகப் படியாமல் பார்த்துக்கொள்வது வடிவமைப்பாளரின் பொறுப்பு.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வேதியியல் அல்ல, விலை. லித்தியம் மலிவானதும் மாற்று தேடியவர்களின் காலடியில் மண் சரிந்தது. இந்தியாவில் 2022-ல் பெரிய பேட்டரி நிலையத்துக்கு நடந்த ஏலத்தில், மெகாவாட்டுக்கு மாதம் சுமார் ரூ. 10.8 லட்சம் வாடகை கேட்டார்கள். 2024 இறுதியில் நடந்த ஏலங்களில், அரசு உதவித்தொகையோடு, அது ரூ. 2.5 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. பிரஷ்யன் நீலத்தை வைத்துச் சோடியம் பேட்டரி செய்துவந்த அமெரிக்காவின் நேட்ரான் நிறுவனம் 2025 செப்டம்பரில் கதவை மூடியது. பொட்டாசியக்காரர்களுக்கு அது ஒரு பாடம்.

விவசாயியின் பங்கு போய்விடுமா?

இந்தியாவுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பொட்டாசியம் பூமியில் ஏராளம் என்பது உண்மை. இந்தியாவின் கையில் ஏராளம் என்பது உண்மையல்ல. வயலுக்குப் போகும் பொட்டாசியம் குளோரைடு ஏறக்குறைய முழுக்க முழுக்க இறக்குமதி. கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் என்று கப்பலில் வருகிறது. உக்ரைன் போரும் பெலாரஸ் மீதான பொருளாதாரத் தடைகளும் 2022-ல் இதன் அர்த்தத்தைப் புரியவைத்தன. 2021 தொடக்கத்தில் டன்னுக்கு 247 டாலரில் இருந்த இந்தியாவின் ஒப்பந்த விலை, 2022-ல் 590 டாலர் ஆயிற்று. அதன் சூடு கிராமத்து உரக்கடை வரை பரவியது. பேட்டரிக்காரர்களும் அதே மூட்டைக்குப் போட்டி போட்டால் விவசாயி என்ன செய்வார்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் தேவையில்லை. ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கக் கோட்பாட்டளவில் சுமார் 400 கிராம் பொட்டாசியம் வேண்டும். சேதாரம் சேர்த்து அரை கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். லித்தியம் என்றால் இதில் ஐந்தில் ஒரு பங்கு எடை போதும் என்பது வேறு. 2031-32க்கான 23.6 கோடி யூனிட் பேட்டரி முழுவதையும், ஒரு பேச்சுக்கு, பொட்டாசியத்திலேயே செய்தாலும் 1.2 லட்சம் டன்தான் தேவை. மூட்டைக் கணக்கில் சுமார் 2.4 லட்சம் டன் பொட்டாஷ். வயலுக்காகப் பெரும்பாலான ஆண்டுகளில் இந்தியா இறக்குமதி செய்வது 20 லட்சம் டன்னுக்கும் மேல். அதாவது பல ஆண்டுகளில் கட்டி முடிக்க வேண்டிய பேட்டரிகளுக்கெல்லாம் சேர்த்து, ஒரே ஆண்டு வயலுக்குப் போவதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் எரிந்து தீர்வதில்லை. பேட்டரி செத்தபின் பிரித்தெடுக்கலாம்.

அந்த அளவை உள்நாட்டிலேயே தேடவும் வழி இருக்கிறது. ராஜஸ்தானின் நாகௌர்-கங்காநகர் படுகையில் சுமார் 240 கோடி டன் பொட்டாஷ் புதைந்திருப்பதாக மதிப்பீடு. பல பத்தாண்டுகளாகத் தெரிந்தும் யாரும் தொடவில்லை. 2025-ல்தான் அங்குள்ள பகுதிகள் முதல் தடவையாக ஏலம் போயின. குஜராத்தின் கட்ச் உப்பளங்களில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் பொட்டாசியம் உண்டு. ஹாஜிபீரில் அதிலிருந்து உரம் தயாரிக்கிறார்கள். பாவ்நகரின் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனம். சர்க்கரை ஆலைகளின் சாராய வடிப்பகங்களில் கழிவை எரித்தால் மிஞ்சும் சாம்பலிலும் பொட்டாசியம் இருக்கிறது. அதற்கு உர மானியம் உண்டு. கரும்புக்குப் போட்ட பொட்டாஷ் சாம்பலாகத் திரும்பி வருகிறது.

இந்த மூன்றும் சேர்ந்தால் வயலுக்குத் தேவையான அத்தனையையும் தரப்போவதில்லை. ஆனால் பேட்டரிக்குத் தேவையான சிறிய அளவு அவற்றிலிருந்து வர முடியும். லித்தியம் விஷயத்தில் இப்படிச் சொல்ல முடியாது.

ஒரு ஓட்டை மட்டும் அடைபடவில்லை. கிராஃபைட். பேட்டரித் தரத்துக்குச் சுத்திகரித்த கிராஃபைட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவிலிருந்து வருகிறது. 2023 டிசம்பரில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. லித்தியத்தை விட்டுப் பொட்டாசியத்துக்கு மாறினாலும் இந்தக் கயிறு அறுபடாது. கிராஃபைட்டைச் சுத்திகரிக்கும் ஆலை இந்தியாவில் பெரிய அளவில் வராமல் சுயசார்பு பற்றிப் பேசுவதில் பாதி அர்த்தமில்லை.

யார் முதலில்?

ஆராய்ச்சிக்கு ஆளில்லாத நாடல்ல இந்தியா. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-லேயே அடிக்கல் நாட்டியாகிவிட்டது. இடமும் பணமும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். உள்நாட்டு லித்தியம் அயனி தொழில்நுட்பத்தைத் தனியாருக்கு மாற்றித்தர 2018-ல் ஒப்பந்தம் போட்டதும் அந்த நிலையம்தான். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட இடங்களில் சோடியம், பொட்டாசியம் பேட்டரிப் பொருள்கள் பற்றி ஆய்வு நடக்கிறது. குறை இருப்பது அதற்கு அடுத்த படியில். கிராம் கணக்கில் செய்ததை டன் கணக்கில் செய்துபார்க்கும் மாதிரி ஆலைகள் குறைவு. பொத்தான் செல்லிலிருந்து நிஜச் செல்லுக்குப் போக யார் பணம் போடுவது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

அரசு பணம் ஒதுக்காமலில்லை. நவீன செல் உற்பத்திக்காக 2021-ல் ரூ. 18,100 கோடி ஊக்கத் திட்டம் அறிவித்தது. எந்த வேதியியலானாலும் சரி என்பது அதன் நிபந்தனைகளில் நல்ல அம்சம். ஆனால் ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை முதல் கெடுவைத் தவறவிட்டன. லித்தியம் செல்லையே உள்ளூரில் செய்யத் தடுமாறும்போது பொட்டாசியத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்களும் உண்டு.

அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு, தவறும் உண்டு. லித்தியம் பந்தயத்தில் இந்தியா இறங்கியபோது மற்றவர்கள் பாதி தூரம் ஓடிவிட்டார்கள். தொழில்நுட்பமும் இயந்திரமும் மூலப்பொருளும் அவர்கள் வசம். பொட்டாசியத்தில் யாரும் இன்னும் பெரிய ஆலை கட்டிவிடவில்லை. தொடக்கக் கோட்டில் எல்லோரும் ஏறத்தாழ ஒன்றாக நிற்கும் சந்தர்ப்பங்கள் அடிக்கடி வராது.

காரில், செல்போனில் லித்தியத்தைப் பொட்டாசியம் விரட்டிவிடும் என்று விஷயம் தெரிந்த யாரும் சொல்வதில்லை. எடை குறைவாக இருக்க வேண்டிய இடத்தில் லித்தியம்தான் ராஜா. ஆனால் தரையில் அசையாமல் கிடக்கும் மின் நிலையப் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டல்ல. அங்கே கேட்பது மூன்று: மலிவாக இருக்க வேண்டும், நீண்ட நாள் உழைக்க வேண்டும், மூலப்பொருள் யாருடைய தயவிலும் இருக்கக் கூடாது. மூன்றாவதில் பொட்டாசியம் பெருமளவு தேறிவிட்டது. முதலாவதில் தேறும் போலத் தெரிகிறது. இரண்டாவதில்தான் இன்னும் மதிப்பெண் வரவில்லை.

அது வரும்வரை ராஜ்நந்த்காவில் மாலை விளக்கு எரிவது தூரதேசத்து லித்தியத்தால்தான். அதைச் சுற்றியுள்ள வயல்களில் கப்பலில் வந்த பொட்டாஷைத் தூவிக்கொண்டிருப்பார்கள். வேலியின் இந்தப் பக்கம் இருப்பதை அந்தப் பக்கம் கொண்டுபோகும் வித்தையை முதலில் கற்றுக்கொள்ளும் நாடு, தன் இரவு வெளிச்சத்துக்கு மற்றவர்களிடம் கையேந்தும் அவசியம் குறையும்.